நாற்பது நிமிடத் தூரம்

விராலிமலையில் அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடந்தன. மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு விமானம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அதிகாலையில் திருச்சியில் வந்து இறங்குகிறார். துபாயில் வேலை பார்க்கும் மகன் மதியம் மதுரையிலிருந்து கிளம்புகிறான். திருச்சியிலிருந்தே வளைகுடாவுக்கு விமானம் உண்டு. ஆனால் அந்தத் தேதிக்கு, கையிலிருந்த பணத்துக்குள் அடங்கிய டிக்கெட் மதுரையில்தான் கிடைத்திருந்தது. வேன் ஒன்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"ஒருத்தரைக் கூட்டியாந்து விடணும், இன்னொருத்தனைக் கொண்டுபோயி விடணும். ரெண்டுக்கும் நேரம் பத்துமாடா?" என்று அக்கா மகனைக் கேட்டாள்.

அவன் கைப்பேசியில் தேடிவிட்டு என் பக்கம் நீட்டினான். "மாமா, நீங்களே பாருங்க. திருச்சி ஏர்போர்ட்டுக்கும் மதுரை ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நூத்தி இருபத்து மூணு கிலோமீட்டர். நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கு."

"நாப்பது நிமிஷத்துல நம்ம வாசல்லேருந்து கெளம்பி மன்னார்புரமே தாண்ட மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ஊறுகாய் பாட்டிலைப் பாலிதீன் பையில் சுற்றத் தொடங்கினாள். தொங்கு தராசில் பெட்டியைத் தூக்கிப் பிடித்து எடை பார்ப்பதும், அரைக் கிலோ கூடிவிட்டது என்று எதையாவது வெளியே எடுப்பதுமாக மாலை போனது. எனக்கோ அந்த நாற்பது நிமிடம் மனத்தை விட்டுப் போகவில்லை.

அந்த எண் பொய்யில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பு உண்டு. உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை ஒரு கயிற்றால் இறுக்கி இணைத்தால் என்ன நீளம் வருமோ அதுதான் தூரம் என்று கணக்கில் வரும். சிங்கப்பூர் போன்ற தொலைவுக்கு அந்தக் கயிறு நன்றாகவே வளையும். திருச்சிக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய நேர்கோடுதான். 123 கிலோமீட்டர். விமானிகள் பேசும் கடல் மைலில் 66. ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் ஒன்பது நிமிடம் சொச்சம் வரும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் பொதுவாக அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வார்கள். ஒன்பதும் முப்பதும் சேர்ந்து, கிட்டத்தட்ட நாற்பது.

கணக்கு சரி. அந்தக் கணக்கில் பறக்கும் விமானம்தான் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு நேர் விமானம் கிடையாது. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் விமானம் தன் வழக்கமான உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டியிருக்கும். விமானத்தில்தான் போவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் சென்னை போய் மாற வேண்டும். திருச்சியிலிருந்து சென்னை வான்வழியே சுமார் 293 கிலோமீட்டர், சென்னையிலிருந்து மதுரை சுமார் 416. 123 கிலோமீட்டரைக் கடக்க 700 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும், நடுவில் சென்னையில் காத்துக் கிடக்கவும் வேண்டும். அதே திருச்சியிலிருந்து கடலுக்கு அப்பால் இருக்கும் யாழ்ப்பாணம் 185 கிலோமீட்டருக்குள்தான். அங்கே ஏர் சிலோன் காலத்திலேயே விமானம் போய்வந்தது. போரில் அறுந்துபோன அந்த வழியை 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ மறுபடி தொடங்கியது. கடல் குறுக்கே இருந்தால் நேர் விமானம் வரும். நல்ல சாலை இருந்தால் வராது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வரைபடத்தில் அந்த 123 கிலோமீட்டர் கோட்டை நான் இழுத்துப் பார்த்தேன். திருச்சி ஓடுதளத்தில் தொடங்கித் தென்மேற்காக வரும் கோடு, ஒரு சில கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கி விராலிமலையைக் கடந்து மதுரைக்குப் போகிறது. அக்கா வீடு ஏறக்குறைய அந்தக் கோட்டின் அடியில்தான் இருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் மருமகனோடு மலைக்குப் போனேன். ஊருக்குப் போகும் முன் முருகனைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அக்கா அனுப்பினாள். 207 படி. மலை சின்னதுதான், ஆனால் சுற்றிலும் தரை பரந்து கிடப்பதால் மேலே ஏறியதும் நான்கு திசையும் திறந்துகொள்கிறது. பாறை இடுக்குகளிலிருந்து மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. விராலிமலை என்றாலே மயில்தான். கருவறையிலும் ஆறுமுகன் வள்ளி தெய்வானையோடு மயில்மேல்தான் இருக்கிறான்.

இந்த மலையைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதைகள் இரண்டு. அன்று மாலை அவற்றை நினைத்தபோதுதான் இரண்டுமே வழிப்பயணத்தில் ஏற்பட்ட தாமதக் கதைகள் என்பது எனக்கு உறைத்தது. வயலூரில் இருந்த அருணகிரிநாதரை முருகன் விராலிமலைக்கு வரச் சொன்னான். அவர் நடந்து வருகையில் வழி தவறிவிட்டது. வேடன் ஒருவன் வந்து வழிகாட்டி, மலையருகே கொண்டுவந்து சேர்த்துவிட்டு மறைந்தான் என்பது ஒன்று. இன்னொன்று கருப்பமுத்துவின் கதை. முருகனைப் பார்க்கப் புறப்பட்டவரை ஆற்று வெள்ளம் மறித்துவிட்டது. மழையில், குளிரில், இருட்டில் நின்றவர் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்குத் தன்னிடம் இருந்த சுருட்டைக் கொடுத்தார். பிறகு கோயிலுக்கு வந்து பார்த்தால் அந்தச் சுருட்டு சாமி முன்னால் இருந்தது. அதனால்தான் இன்றும் இங்கே முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். வயலூரும் இங்கிருந்து தொலைவில்லை, அந்த ஆறும் பெரிய ஆறில்லை. ஆனாலும் இடையில் மாட்டிக்கொண்டவனுக்கு யாராவது துணை வேண்டியிருந்தது.

இந்தப் படிகளைச் சிறுவயது முதல் நாள்தோறும் ஏறி இறங்கி, சாமிக்கு முன் ஆடிப் பாடிய 32 பேரில் எஞ்சியவர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. படிக்கட்டில் பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இருட்டியதும் வடகிழக்கே ஒரு விமானத்தின் விளக்கு தாழ்ந்து வந்தது. "நீங்க அன்னிக்கு இருந்திருக்கணும் மாமா" என்றான் மருமகன். 2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை நாள். மாலை 5.40 மணிக்குத் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். நிறைய எரிபொருளோடு, அவ்வளவு எடையோடு தரையிறங்கக் கூடாது என்பதால், எரிபொருள் குறையும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் புதுக்கோட்டை மாவட்டத்து வானில் வட்டமடித்தார்கள். மாவட்டம் முழுக்க ஜனங்கள் வீட்டு மாடியிலும் தெருவிலும் நின்று மேலே பார்த்தார்கள். இரவு 8.15 மணி அளவில் பத்திரமாக இறங்கியது. அந்த விமானம் பறந்த நேரத்தில் திருச்சியிலிருந்து மதுரைக்கு மூன்று தடவைக்கு மேல் போயிருக்கலாம். போய்ச் சேர்ந்ததோ புறப்பட்ட இடத்துக்கே. அன்று அதில் இருந்தவர்களின் வீடுகளில் அந்த இரண்டரை மணி நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

மறுநாள் விடியற்காலை மூன்றரைக்கு வேன் வந்துவிட்டது. ஓட்டுநர் தம்பிக்குப் பழகிய வழி. விராலிமலையிலிருந்து திருச்சி விமான நிலையம் சாலைவழி சுமார் 35 கிலோமீட்டர். ஆனால் அவர் கிலோமீட்டரில் பேசவே இல்லை. "மணிகண்டம் வரைக்கும் இழுத்துருவேன் அண்ணே. பஞ்சப்பூர் தாண்டுனா டவுனு. மன்னார்புரம், டிவிஎஸ் டோல்கேட், அப்புறம் புதுக்கோட்டை ரோடு." 2025 மே 9 அன்று திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் அந்த இருட்டிலும் பஞ்சப்பூரில் வெளிச்சமாக நின்றது. வடக்கே நகரத்துக்குள் போய்விட்டு மறுபடி தென்கிழக்கே திரும்பி வருகிற பாதை இது. வானத்தில் 25 கிலோமீட்டர், தரையில் அதற்கு மேல் பத்து.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டு, அந்த ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரமும் கோலமுமாக, தமிழ்நாட்டுக் கோயில் சாயலில் கட்டியிருக்கிறார்கள். எனக்குக் கட்டடத்தைவிட அதன் வாசல்தான் முக்கியம். இந்த ஊர் வெளிநாட்டோடு தொடர்பு வைத்தது இன்று நேற்றல்ல. 1938-லேயே டாடாவின் கராச்சி - கொழும்பு விமானம் திருச்சியில் இறங்கிப் போனது. இன்று அந்த வாசலில் அதிகாலை நேரத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, காரைக்குடி, பெரம்பலூர் என்று ஐந்தாறு ஊர் வேன்கள் நிற்கும். குழந்தைகள் தூக்கக் கலக்கத்தில் தோளில் சாய்ந்திருப்பார்கள். யாருடைய கண்ணும் கண்ணாடிக் கதவை விட்டு அகலாது.

விமானம் நாலரைக்கு இறங்கிவிட்டது என்று பலகை காட்டியது. மாப்பிள்ளை வெளியே வந்தபோது ஐந்தே முக்கால். இதில் யாருடைய தவறும் இல்லை. குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை. நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் ஒன்றாக இறங்கினால் கடைசி ஆள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். டிக்கெட்டில் அச்சிட்ட பயண நேரத்தில் இது சேராது. அந்த நேரம் என்பது, விமானச் சக்கரத்துக்கு வைத்த அடைகட்டையை இங்கே எடுப்பதிலிருந்து அங்கே மறுபடி வைப்பது வரைதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நான்கு மணி நேரப் பயணம், போகும்போது ஆறரை மணி போலவும் வரும்போது ஒன்றரை மணி போலவும் தோன்றும். துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. அங்கே போகும்போது குறைந்தும் திரும்பும்போது கூடியும் தெரியும். முதல் தடவை பிள்ளையை அனுப்பும் தாய் தகப்பன்மார் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இறங்கியிருக்க வேண்டியவன் இன்னும் கூப்பிடவில்லையே என்று வீணாகத் தவித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே ஒரு பெரியவர் இரண்டு பெட்டிகளோடு வெளியே வந்து நின்றார். மலேசியாவிலிருந்து வருகிறாராம். அழைத்துப்போக யாரும் வரவில்லை. கொட்டாம்பட்டிக்கு எப்படிப் போவது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து பிடித்து நகரத்துக்குள், அங்கிருந்து இன்னொன்றில் பஞ்சப்பூர், அங்கே மதுரை வண்டி. அந்த மதுரை வண்டியும் கொட்டாம்பட்டியில் நிற்கிற வண்டியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "எங்க வண்டி மதுரைக்குத்தான் போவுது, ஏறுங்கய்யா" என்றேன்.

விராலிமலைக்கு வரும்போது ஆறே முக்கால். மாப்பிள்ளையை இறக்கி, துபாய்ப் பெட்டிகளை ஏற்றி, பெரியவருக்கு ஒரு காபி கொடுத்து, ஏழு மணிக்குக் கிளம்பினோம். அக்காவும் வந்தாள். பூதகுடி சுங்கச்சாவடியைக் கடக்கும்வரை அவள் எதுவும் பேசவில்லை.

கொடும்பாளூரில் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மூவர் கோயில். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி பத்தாம் நூற்றாண்டில் தன் பெயராலும் தேவியர் இருவர் பெயராலும் எழுப்பிய மூன்று கோயில்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. ஆனால் நான் நிறுத்தச் சொன்னது கோயிலுக்காக மட்டும் இல்லை. தமிழில் இரண்டு ஊருக்கு இடையே உள்ள வழியையும் தூரத்தையும் இவ்வளவு விரிவாகச் சொன்ன பழைய நூல் சிலப்பதிகாரம். உறையூரைத் தாண்டி மதுரைக்கு நடக்கும் கோவலனுக்கு, மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். கொடும்பையின் குளக்கரையில் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் சிறுமலை வழியாக, இடப்பக்கம் அழகர்மலை வழியாக, நடுவே காட்டுத் தெய்வம் உலவும் வழி. ஒவ்வொரு வழியிலும் என்ன மரம், என்ன பயிர், என்ன ஆபத்து என்று எல்லாவற்றையும் சொல்கிறான். அந்தக் கொடும்பை இந்தக் கொடும்பாளூர்தான்.

அதே காப்பியத்தில் இதற்கு முன்பே ஓரிடம் வருகிறது. புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்ததுமே களைத்துப்போன கண்ணகி, மதுரை எது என்று கேட்கிறாள். நம் நாட்டுக்கு அப்பால் முப்பது காதம்தான், பக்கம்தான் என்று கோவலன் சொல்லிச் சிரிக்கிறான். முப்பது காதம் பக்கமில்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் மனம் தளரக் கூடாது என்று சொன்னது அது. முந்தின நாள் அக்கா கேட்டபோது மருமகன் காட்டிய நாற்பது நிமிடமும் அந்த வகைதான் என்று எனக்குப் பட்டது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி. பெரியவர் இறங்கிக்கொண்டார். காசு கொடுக்கப் பார்த்தார், ஓட்டுநர் தம்பி வாங்கவில்லை. அதன் பிறகு மேலூர், சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடி. ஒத்தக்கடைக்கு முன்னாலேயே ஆனைமலை தெரியத் தொடங்கியது. உத்தங்குடியில் ரிங் ரோட்டில் திரும்பினோம். மாட்டுத்தாவணிப் பக்கம் நகரத்துக்குள் நுழைந்தால் அரை மணி நேரம் போய்விடும் என்றார் தம்பி. விரகனூரில் வைகையைத் தாண்டி, மண்டேலா நகரில் திரும்பி, மதுரை விமான நிலைய வாசலில் நின்றபோது ஒன்பது மணி இருபது நிமிடம்.

1942-இல் போர்க்கால விமானத் தளமாகத் தொடங்கியது மதுரை நிலையம். 2012-இல் கொழும்பு விமானத்தோடு வெளிநாட்டுச் சேவை வந்தது. 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியது 2024 அக்டோபரில்தான். அதற்கு முன் நள்ளிரவு விமானத்துக்கு இங்கே வழியில்லை. தென்மாவட்டத்துக்காரர்கள் பலர் நள்ளிரவில் இதே நெடுஞ்சாலை வழியாகத் திருச்சிக்கு வந்துதான் விமானம் ஏறினார்கள். இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று போட்டி என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றில் இடம் கிடைக்காதபோது இன்னொன்றில் கிடைக்கிறது, ஒன்றிலிருந்து போகாத ஊருக்கு இன்னொன்றிலிருந்து போகிறது. நடுவில் இருக்கிற விராலிமலைக்காரனுக்கு இரண்டும் தன்னுடைய விமான நிலையம்தான்.

வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். நாங்கள் நேரத்தோடுதான் வந்திருந்தோம். மருமகன் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஊறுகாய்ப் பாட்டிலை நடுவுல வச்சிருக்கேன், சாய்க்காம வையி" என்றாள். அவன் உள்ளே போன பிறகும் கால் மணி நேரம் அங்கேயே நின்றாள்.

திரும்பும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சியில் சிங்கப்பூர் விமானத்தின் சக்கரம் தரை தொட்டதிலிருந்து, நாங்கள் மதுரை நிலைய வாசலில் நின்றது வரை, அந்தப் பெரியவர் இறங்கிய நிறுத்தமும் கொடும்பாளூரும் சேர்த்து, ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. எங்கும் நிற்காமல் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு ஓட்டினால் 140-க்கும் 150-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆகவே திருச்சியில் இறங்கி மதுரையில் ஏறுகிற திட்டம் வைத்திருப்பவர்கள், அல்லது மதுரையில் இறங்கித் திருச்சியில் ஏறுகிறவர்கள், கைப்பேசி காட்டும் நாற்பது நிமிடத்தை மறந்துவிட்டு, இறங்கும் நேரத்துக்கும் ஏறும் நேரத்துக்கும் நடுவில் எட்டு மணி நேரமாவது விடுங்கள். ரயிலை நம்பலாம் என்றால் அது மணப்பாறை, திண்டுக்கல் சுற்றிப் போகிறது, விராலிமலையைத் தொடுவதில்லை.

வேன் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு இது போதும். அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்குப் போதாது. இருபது வருடம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வருகிறவர், சுமார் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டரை ஒரே இருக்கையில் உட்கார்ந்து கடந்துவிட்டு, கடைசி எண்பது கிலோமீட்டருக்கு மூன்று பேருந்து மாற வேண்டியிருக்கிறது. இதற்குப் புதிய ஓடுதளமோ புதிய சாலையோ தேவையில்லை. திருச்சி விமான நிலைய வாசலில் புறப்பட்டு, பஞ்சப்பூர், விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூரில் நின்று, மதுரை விமான நிலைய வாசலில் முடியும் அரசுப் பேருந்து வேண்டும். பெட்டி வைக்க அடியில் இடம் இருக்க வேண்டும். நாளைக்கு நான்கு நடை இருந்தால் நல்லது; முதல் வண்டி, அதிகாலை விமானங்களில் வந்தவர்கள் வெளியே வந்து முடிக்கும் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.